சீராளனும் ஸ்நோ ஒயிட்டும்

குரோம்பேட்டைக்குத் தலபுராணம் கிடையாது. வடக்கே பல்லாவரத்துக் குன்றில் பல்லவர் குடைந்த குடைவரை இருக்கிறது; மேற்கே திருநீர்மலையில் ஆழ்வார்கள் பாடிய பெருமாள் எழுந்தருளியிருக்கிறார்; அதற்கும் அப்பால் குன்றத்தூர், பெரியபுராணம் பாடிய சேக்கிழாரைப் பெற்ற ஊர் என்ற கீர்த்தியோடு நிற்கிறது. இவற்றின் நடுவே, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் சேம்பர்ஸ் என்னும் ஐரோப்பிய வணிகர் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரைத் தன் பெயராகப் பெற்று, 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின் உத்தியோகஸ்தர் குடும்பங்களையும் தொழிலாளர் குடும்பங்களையும் ஒருங்கே ஈர்த்து, 1949இல் சி. ராஜம் ஸ்தாபித்த எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியினால் கல்விக்கும் பெயர் பெற்று வளர்ந்த குடியிருப்பு இது. மண்ணிலே பிறந்த கதை என்று ஒன்றும் இல்லாததால், இங்கே வளர்ந்த குழந்தைகள் கேட்டவை யாவும் வேறிடங்களிலிருந்து வந்த கதைகளே: தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் மகன் வீட்டோடு வந்து தங்கிவிட்ட பாட்டிமார் கொண்டுவந்தவை சில, மாதந்தோறும் கடைக்கு வந்த சிறுவர் பத்திரிகைகள் கொணர்ந்தவை சில, ரயிலேறிப் பட்டணம் போய்ப் படக்கொட்டகையில் கண்டு திரும்பியவை சில.

இக்கதைகளுள் எது சிறு குழந்தைக்கு உகந்தது, எது ஆகாது என்னும் கேள்வி இன்று நியூ காலனியிலும் ராதா நகரிலும் அஸ்தினாபுரத்திலும் உள்ள இளம் பெற்றோர்களை உண்மையாகவே கவலைப்படுத்துகிறது. 'அந்த ஸ்நோ ஒயிட் படத்தை நாலு வயசுப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டலாமா? சூனியக்காரக் கிழவியைப் பார்த்துட்டு ராத்திரி தூங்காம அழுமோ?' என்று அவர்கள் கேட்கும்போது, அக்கேள்வியை அற்பமென்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஆயினும் விடை சொல்லப் புகுமுன், இந்தத் தீர்ப்பைக் காலந்தோறும் யார் யார் சொல்லி வந்தனர் என்பதை ஆராய்தல் வேண்டும்; ஏனெனில், தீர்ப்பளிக்கும் அதிகாரம் ஒரு நூற்றாண்டுக் காலத்துக்குள் கதை சொல்பவளின் மடியை விட்டு நீங்கி, போலீஸ் கமிஷனருக்கும் தணிக்கைக் குழுவுக்கும் கைமாறி, இப்போது ஏறக்குறைய எவர் கையிலும் இல்லாத நிலையை அடைந்திருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

குன்றத்தூரிலிருந்தே தொடங்குவோம், பல்லாவரம் வழியாகப் போனால் அவ்வூர் இங்கிருந்து அதிக தூரமில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அங்கே தோன்றி, சோழன் அவையில் அமைச்சராய் விளங்கி, தம் ஊரிலே திருநாகேஸ்வரம் என்னும் கோயிலையும் எடுப்பித்த சேக்கிழார் பாடிய அடியார் வரலாறுகளுள், சிறுத்தொண்டர் வரலாற்றை விடக் கடுமையான ஒரு நிகழ்ச்சியை மேனாட்டுக் குழந்தைக் கதை எதிலும் நான் கண்டதில்லை. வாதாபியை அழித்த பல்லவர் படைத்தலைவர் பரஞ்சோதி, பின்னர்ச் சிறுத்தொண்டர் என்ற பெயரோடு திருச்செங்காட்டங்குடியில் அடியார்க்கு அமுதளித்து வாழ்கிறார். அவர் இல்லத்துக்கு வைரவக் கோலத்தில் வந்த சிவபெருமான், ஒரு குடிக்கு ஒரே மகனாய், ஐந்து வயதினனாய், உறுப்பில் குறையில்லாதவனாய் உள்ள பாலகனைத் தாய் பிடிக்கத் தந்தை அரிந்து கறி சமைத்துப் படைத்தாலன்றி உண்பதில்லை என்கிறார். பள்ளிக்கூடம் போயிருந்த சீராளன், தந்தையைக் கண்டதும் காற்சதங்கை ஒலிக்க ஓடிவந்து தோளேறி வீட்டுக்கு வருகிறான். கேட்டபடியே எல்லாம் நடக்கிறது. இலையில் அமுது படைத்த பின்னும் அத்துறவி உண்ணாமல், 'உன் மகனை அழை' என்று பிடிவாதம் செய்ய, பெற்றோர் வாயிலுக்கு வந்து பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பள்ளியிலிருந்து ஓடிவருபவனைப் போலவே சீராளன் ஓடிவருகிறான்.

இக்கதையைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறார்கள். திருச்செங்காட்டங்குடியில் சித்திரைப் பரணிதோறும் அமுது படையல் விழாவில் அது ஊரறிய நினைவுகூரப்படுகிறது. கேட்ட பிள்ளைகள் யாவரும் பீதியடைந்து நலிந்தார்கள் என்று சொல்ல முடியுமா? முடியாது; அதற்குக் காரணம் கதையின் மென்மை அன்று, சொல்பவரின் சாமர்த்தியமே என்று நான் கருதுகிறேன். காலட்சேபம் செய்யும் பாகவதர் ஆனாலும், திண்ணையில் அமர்ந்து கதை சொல்லும் பாட்டி ஆனாலும், எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வார். குழந்தையின் கண் அகலுவதைக் கண்டால் குரல் தாழும்; உதடு பிதுங்குவதைக் கண்டால் வாளும் அரிதலும் ஒரே வார்த்தையில் கடந்துபோகும்; பள்ளிக்கூடத்திலிருந்து சீராளன் ஓடிவரும் ஓட்டம் மாத்திரம் விஸ்தாரமாக, சதங்கை ஒலியோடு, நாலைந்து தரம் திருப்பிச் சொல்லப்படும். பத்து வயதுப் பேரனுக்கு முழுக்கதையும், மூன்று வயதுப் பேத்திக்கு அந்த ஓட்டம் மாத்திரமும் போய்ச் சேரும். இருவரும் ஒரே மடியருகில், ஒரே இரவில் கேட்டிருப்பார்கள். வயதுக்கேற்ற தணிக்கை என்று இன்று சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பது, அன்று மூச்சுக்கு மூச்சு நிகழ்ந்துகொண்டிருந்தது.

சொல்பவருக்குரிய இந்தச் சுதந்திரத்தைப் பெரியோர்களும் தயங்காமல் கையாண்டிருக்கிறார்கள். சீதை காட்டுக்கு அனுப்பப்படும் உத்தர காண்டத்தைக் கம்பர் பாடவில்லை. திருமுடி சூட்டியதோடு அவர் காவியம் நிறைவெய்துகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதிய ராஜாஜியும் அவ்விடத்திலேயே நின்றுகொண்டு, அந்தத் துயரத்தைச் சொல்லத் தமக்கு மனம் ஒப்பவில்லை என்பதை மறைக்காமல் தெரிவித்தார். இது கதைக்குச் செய்த துரோகம் என்று வாதிடுவோர் உண்டு. கேட்பவர் யார் என்பதை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னவர்கள் செய்த நியாயம் என்பேன் நான்.

அசையும் சித்திரத்தில் கதை காட்டும் கலையும் நமக்குப் புதிதன்று. ஆட்டுத்தோலை ஒளி ஊடுருவும்படி சுரண்டி மெலிதாக்கி, சாயம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கொளியில் ஆட்டும் தோற்பாவைக் கூத்தை, மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பத்தார் தென் மாவட்டங்களில் தலைமுறைகளாக நடத்தி வந்தனர். (தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது, அந்தப் பாவைத்தோல் பதனிடப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்; பதனிட்ட தோலில் அந்த ஒளி வராது.) இராமாயணத்தை இரவு இரவாகப் பல நாள் நடத்தும் அக்கூத்தில், தாடகையும் சூர்ப்பணகையும் கும்பகர்ணனும் தோன்றிக் குழந்தைகளை நடுங்கவைத்த மாத்திரத்தில், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரைக்கு ஓடிவந்து கிண்டலும் கேலியுமாக அரங்கத்தைச் சிரிப்பில் ஆழ்த்திவிடுவார்கள். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் அவர்கள் நிற்க வேண்டும் என்பது ஏட்டில் எழுதப்பட்டதன்று. திரைக்குப் பின்னால் இருக்கும் கலைஞர், முன்னால் இருக்கும் பிள்ளைகளின் கூச்சலைக் காதால் அளந்து நிர்ணயித்தார். அழுகை கேட்டால் கோமாளி வருவான். பிற்காலத்தில் வந்த சித்திரப் படங்களில் குறும்புக் குள்ளர்களும் பேசும் எலிகளும் இடையிடையே தோன்றுவது இதே மனோதர்மத்தினால்தான். ஆனால் அவை பிலிமில் ஒருமுறை பதிந்துவிட்ட பிறகு, பயந்த குழந்தைக்காகக் கோமாளியை ஒரு விநாடி முன்னதாக வரவழைக்க எவராலும் இயலாது.

ஸ்நோ ஒயிட் கதையும் இத்தகைய கத்தரிப்புக்குப் பலமுறை ஆளானதே. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் அதை முதன்முதல் அச்சிட்டபோது, மகளின் அழகைக் கண்டு பொறாமையால் அவளைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாயேதான். 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தத் தாயை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். தாய் என்னும் பெயருக்கு மாசு வரலாகாது என்ற அக்கறையே காரணம் என்று கொள்ளலாம். 1825இல் ஐம்பது கதைகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சித்திரங்களோடு குழந்தைகளுக்கென்றே சிறிய பதிப்பு ஒன்றையும் வெளியிட்டார்கள். ஆயினும் முடிவில் அரசியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பு அணியச் செய்து, செத்து விழும்வரை ஆடவைக்கும் தண்டனையை அவர்கள் நீக்கவில்லை. தாயின் கொடுமையைத்தான் குழந்தையின் கண்ணிலிருந்து மறைக்க நினைத்தார்கள். தண்டனையின் கொடுமையை மறைக்க நினைக்கவில்லை. எது குழந்தைக்கு ஆகாது என்ற எண்ணம் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வோர் இடத்தில் போய் நிற்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

வால்ட் டிஸ்னி அக்கதையை முழுநீளச் சித்திரப் படமாக்கி 1937 டிசம்பரில் வெளியிட்டபோது, இரும்புச் செருப்பு போயிற்று. கிழவி வேடத்திலிருந்த அரசி புயலிலும் மின்னலிலும் பாறையிலிருந்து தவறி விழுந்து மடிகிறாள். ஆனால் புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த காடு, திரையில் கண்கள் விழித்துக் கிளைகளைக் கைகளாக நீட்டி அச்சிறுமியைப் பற்ற வந்தது. அழகிய அரசி மருந்தைக் குடித்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுழன்று, கிழவியாகத் திரும்பும் காட்சி ஒருமுறை கண்டவர் மறக்க முடியாததாக அமைந்தது. மறு ஆண்டு இங்கிலாந்துக்குப் படம் சென்றபோது, அந்நாட்டுத் தணிக்கைக் குழு இதனை யாவரும் தனியே காணத் தக்கதென்று ஏற்காமல், பதினாறு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடு வந்தால்தான் அனுமதி என்னும் 'ஏ' வகுப்பில் வைத்தது. குழந்தைகளுக்கென்றே எடுத்த படத்துக்குக் குழந்தைகளைத் தனியே விடலாகாது என்ற அந்தத் தீர்ப்பு அங்கே பெரிய சர்ச்சைக்கு உள்ளாயிற்று; பல உள்ளூர் அதிகாரிகள் அதை ஏற்காமல் தம் எல்லைக்குள் எல்லாரையும் அனுமதித்தார்கள். அன்று அக்குழுவைக் குறை கூறியவர் பலர். எனக்கோ அத்தீர்ப்பில் ஓர் உண்மை தென்படுகிறது: படத்தைத் தடை செய்யாமல், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்று மாத்திரம் அது கூறிற்று.

சென்னை ராஜதானியில் அப்போது நிலைமை வேறு. 1918ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டத்தின்படி 1920இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் ஏற்பட்டன. சென்னைக் குழுவுக்குப் போலீஸ் கமிஷனர் தலைமை வகித்தார். 'பக்த விதுரர்' படத்தில் விதுரரின் தோற்றத்தில் காந்தியடிகளின் சாயலைக் கண்டு அப்படத்தைச் சென்னையில் தடை செய்த அரசாங்கம் அது. அதன் அச்சம் ராஜ்யத்தைப் பற்றியதேயன்றி, குழந்தையின் உறக்கத்தைப் பற்றியதன்று. சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927இல் அமைந்த விசாரணைக் குழு நாடெங்கும் சாட்சியம் திரட்டியபோது, சினிமா இளம் மனங்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதும் விசாரணைப் பொருளுள் ஒன்றாயிற்று. என்றாலும் வயதை வைத்துப் படங்களைப் பிரிக்கும் ஏற்பாடு, சுதந்திரத்துக்குப் பின் 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் வந்தது: யாவர்க்கும் உரியது 'யு', பதினெட்டு வயது நிரம்பியவர்க்கு மட்டும் உரியது 'ஏ'. 1951இல் மத்திய தணிக்கைக் குழு அமைந்து, 1952இல் புதிய சட்டமும் வந்தது. இடையில் ஒரு படியும் இல்லாத இந்த இரண்டு எழுத்துக்களுக்குள், மூன்று வயதுக் குழந்தையும் பதினேழு வயது வாலிபனும் ஒரே பிரஜையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடக்கப்பட்டார்கள்.

அந்த முப்பது ஆண்டுகளில் குரோம்பேட்டைக் குழந்தைகள் என்ன கண்டார்கள், என்ன படித்தார்கள்? 1947இல் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய 'அம்புலிமாமா' வீடுதோறும் வந்தது. மயானத்தின் இருளில் உருவிய வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தன் தோளில் பிணம் தொங்கும் அந்தச் சித்திரத்தை, ஓவியர் சங்கர் வரைந்தபடி, மாதம் தவறாமல் ஆறு வயதுப் பிள்ளைகள் பார்த்தார்கள். நான் அறிந்தவரை குழந்தைப் பத்திரிகை ஒன்றில் இதைவிடப் பயங்கரமான சித்திரம் வேறில்லை. இதைவிட ஆவலோடு எதிர்பார்க்கப்பட்டதும் இல்லை. அதன் ரகசியம் கதையின் முடிவில் இருக்கிறது. பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் பயமுறுத்திவிட்டுப் போய்விடுவதில்லை. கதை சொல்லி, இவர்களுள் யார் செய்தது தர்மம் என்று கேட்டு, அரசனோடு குழந்தையையும் நியாயாதிபதி ஆக்கிவிடுகிறது. பயந்த மனத்துக்கு உடனே ஒரு வேலை கொடுக்கப்படுவதால் பயம் அங்கே தங்க இடமில்லை. 1950இல் அழ. வள்ளியப்பாவும் பிறரும் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டு, குழந்தைகளுக்கு எழுதுவதைத் தனி விரதமாகவே கொண்டு உழைத்த காலமும் அதுவே.

அம்புலிமாமாவை நடத்திய அதே கைகள்தாம் 1951இல் 'பாதாள பைரவி'யையும் எடுத்தன. வீரமுள்ள வாலிபன் ஒருவனைத் தேவிக்குப் பலியிட்டுச் சித்தி பெற நினைக்கும் மந்திரவாதியாக எஸ்.வி. ரங்காராவ் தோன்றிய அப்படத்தைப் புறநகர்க் குழந்தைகள் எங்கே கண்டார்கள் என்பதும் கவனிக்கத் தக்கது. டென்ட் கொட்டகையில், மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து, அத்தை, சித்தி, அண்டை வீட்டு அக்கா என்று ஒரு கூட்டத்தின் நடுவே கண்டார்கள். மந்திரவாதி வந்தால் குழந்தை அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். 'போயிட்டான், இப்பப் பாரு' என்று ஒரு குரல் சொல்லும். ரீல் மாற்றும் இடைவேளைகளில் விளக்கு எரியும். முறுக்கு விற்பவன் வருவான். ஆங்கிலச் சித்திரப் படம் காண வேண்டுமானால் மின்சார ரயிலேறிப் பட்டணம் போய், மவுண்ட் ரோடு பக்கம் கேஸினோவுக்கோ ஜார்ஜ் டவுனில் மினர்வாவுக்கோ பெரியவர் ஒருவர் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. திரும்பும்போது மீட்டர் கேஜ் வண்டியின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, 'அந்த ராணி ஏன் ஆப்பிள் கொடுத்தா? செத்துப் போனவ எப்படிம்மா எழுந்தா?' என்று தாம்பரம் வண்டி மாம்பலம், கிண்டி, மீனம்பாக்கம் என்று நின்று நின்று வரும் நேரம் முழுவதும் கேட்கலாம். ரயில் பயணத்தின் நீளமே குழந்தைக்குச் சகாயமாயிற்று. சட்டத்தில் இடைநிலை வகுப்பு இல்லாத காலத்தில், தூரமும் வறுமையும் கூட்டுக் குடும்பமும் சேர்ந்து அந்த வகுப்பை உண்டாக்கி வைத்திருந்தன.

1970இல் கே.ஏ. அப்பாஸ் தம்முடைய சிறிய ஆவணப் படத்துக்கு 'யு' சான்று வேண்டி உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில், தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா, திரைப்படம் பிற கலைகளை விட ஆழமாக உணர்ச்சியைக் கிளறுகிறது என்றும், முதிராத பருவத்தினர் திரையில் கண்டதை எளிதில் மெய்யென்று கொண்டுவிடுவர் என்றும் எடுத்துக்காட்டி, முன்தணிக்கை செல்லும் என்று தீர்ப்பளித்தார். 1983இல் தணிக்கைக் குழு சான்றிதழ்க் குழுவாகப் பெயர் மாறியபோது, 'யுஏ' என்னும் புதிய வகுப்பும் பிறந்தது: பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு காணலாம். மடியில் நிகழ்ந்த தீர்ப்பு போலீஸ் அதிகாரியிடமும், பின்னர் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் கூடும் பரிசோதனைக் குழுவிடமும் போய்ச் சேர்ந்த பிறகு, அதன் ஒரு பகுதியையேனும் வீட்டுக்குத் திருப்பித் தந்த முதற்சட்டம் இது என்று நான் எண்ணுகிறேன். அந்தப் பரிசோதனைக் குழுவில் பெண்களுக்குச் சரிபாதி இடம் தருவது நல்ல விதி. ஆனாலும் அங்கே திரையிடும் இருட்டறையில், யாருடைய பொருட்டு அத்தனை பேரும் கூடியிருக்கிறார்களோ அந்தக் குழந்தை இருப்பதில்லை. அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் வசதி அவர்களுக்கு இல்லை.

இவ்விஷயத்தில் நம் நாட்டில் எழுந்த பெரிய விவாதம் 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் நிகழ்ந்தது. 1967இல் டிஸ்னி நிறுவனம் பாட்டும் கூத்துமாக எடுத்த சித்திரப் படமான 'ஜங்கிள் புக்'கை, ஒரு சிறுவன் நீங்கலாக மற்றனைத்தையும் கணிப்பொறியால் படைத்து, முப்பரிமாணத்தில் மீண்டும் எடுத்திருந்தார்கள், அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்னதாக இந்தியாவில் அது வெளியாயிற்று, தமிழிலும் பேசிற்று. சான்றிதழ்க் குழு அதற்கு 'யுஏ' கொடுத்தது. விலங்குகள் பார்ப்பவர் மேல் பாய்வதுபோல் தோன்றும் முப்பரிமாணக் காட்சிகள் குழந்தைகளை அச்சுறுத்தும் என்று அப்போதைய தலைவர் பஹ்லாஜ் நிஹலானி காரணம் கூறினார். நாடெங்கும் அதற்கு எதிர்ப்பும் பரிகாசமும் எழுந்தன. இந்திய மண்ணைக் களமாகக் கொண்ட, தலைமுறைகள் கொஞ்சி வளர்த்த மௌக்ளியின் கதைக்கா எச்சரிக்கை என்று கேட்டார்கள். அந்தப் பரிகாசத்தில் நான் சேர மறுக்கிறேன். கதை ஒன்றே ஆயினும், கையால் வரைந்த புலி ஷேர்கானும் மூச்சுவிடுவதுபோல் பாயும் ஷேர்கானும் நாலு வயதுக் கண்ணுக்கு ஒன்றல்ல. மேலும் 'யுஏ' என்பது தடையன்று. அருகில் இரு என்று பெற்றோருக்குச் சொல்லும் வார்த்தை. 1938இல் இங்கிலாந்துக் குழு ஸ்நோ ஒயிட்டுக்குச் சொன்னதும் இதுவே.

இதற்குள் படம் கொட்டகையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. 1975இல் சென்னைத் தூர்தர்ஷன் வந்தது. 2004 டிசம்பரில் டிஸ்னி சானல் தமிழ் ஒலியோடு இந்தியாவுக்கு வந்தது. 2007இல் சுட்டி டி.வி. குழந்தைகளுக்கென்றே தமிழில் தொடங்கிற்று. அதுவரையும் கூடத்தில் பெட்டி இருந்தது. சமையலறையிலிருந்து ஒரு காது அதன்மேல் இருந்தது. கைப்பேசி வந்த பின் அந்தக் காதும் இல்லாமற் போயிற்று. குழந்தை சோற்றுக்கு வாய் திறக்க வேண்டும் என்பதற்காக அதன் கையில் கொடுக்கப்படும் சிறு திரையில், அரசி கிழவியாகும் காட்சி ஓடும்போது எதிரே இருப்பவர் பார்ப்பது சோற்றுக் கிண்ணத்தை. குழந்தையின் முகத்தை அல்ல. 2021ஆம் ஆண்டு விதிகளால் இணையவழிப் படங்களுக்கும், 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கொட்டகைப் படங்களுக்கும் 'யுஏ' என்பது ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வரவேற்கத் தக்க சீர்திருத்தம்; முத்திரை எத்தனை நுட்பமானாலும் அதைப் படிக்க ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

டிஸ்னி நிறுவனமே தன் பழைய படங்களைப் பற்றி மறு ஆலோசனை செய்ததும் இக்காலத்திலேதான். பிற இனத்தாரை இழிவாகச் சித்திரித்த பகுதிகள் இருப்பதால், 'டம்போ', 'பீட்டர் பான்' முதலிய சில படங்களை 2021இல் சிறுவர் கணக்குகளிலிருந்து நீக்கி, பெரியவர் கணக்கில் முன்னறிவிப்போடு வைத்தார்கள். பயத்தை மட்டும் அளந்துகொண்டிருந்த காலம் போய், இழிவையும் அளக்கத் தொடங்கிய காலம் வந்தது. ஸ்நோ ஒயிட்டைப் பற்றி எனக்குள்ள உண்மையான ஆட்சேபமும் இந்தத் திசையிலிருந்தே வருகிறது.

அதன் பயங்கரக் காட்சிகளை நான் குறையாகக் கொள்ளவில்லை. கொல்லக் கத்தியோடு வந்த வேடன், பூப்பறிக்கும் சிறுமியைக் கண்டு கை தளர்ந்து, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கும் இடத்தைப் போல் தயையைக் குழந்தைக்குக் காட்டும் காட்சிகள் சினிமாவில் குறைவு. பயமுறுத்திய காடே விடிந்த பின் முயலும் மானும் நிறைந்த காடாகத் தெரிகிறது. இருளில் கண்டதெல்லாம் மெய்யன்று என்று குழந்தைக்கு இதைவிட நன்றாக எப்படிச் சொல்ல முடியும்? சீராளனைக் கேட்டுத் தாங்கிய பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இதைத் தாங்குவார்கள்.

அஞ்சத் தக்கது, யார் அழகி என்று அரசி கேட்கும் அந்த மாயக் கண்ணாடிதான். பனியைப் போல் வெளுத்த மேனியே அழகு என்று அது தீர்ப்புச் சொல்கிறது; அத்தீர்ப்பைக் கதையில் எவரும் மறுப்பதில்லை; கொலை செய்யத் துணிந்த அரசிகூட அதை நம்பித்தான் துணிகிறாள். மாநிறமும் கறுப்புமான குழந்தைகள் நிறைந்த நம் தெருக்களில், பெண் பிறந்த அன்றே நிறத்தைக் கேட்கும் உறவினர் இன்னும் இருக்கும் நாட்டில், சிவப்பழகு தருவதாக விளம்பரம் செய்த முகப்பூச்சு ஒன்று 1975 முதல் விற்பனையாகி 2020இல்தான் தன் பெயரை மாற்றிக்கொண்ட நாட்டில், அந்தக் கண்ணாடி சொல்வதை ஐந்து வயதுப் பெண் குழந்தை எவ்வாறு வாங்கிக்கொள்ளும் என்பதை நினைத்தால் என் மனம் பதறுகிறது. சூனியக்காரி ஓர் இரவின் உறக்கத்தைக் கெடுப்பாள். கண்ணாடியின் சொல் இருபது ஆண்டு நிலைக்கும். எட்டும் தூரத்திலுள்ள திருநீர்மலையில் நீர்வண்ணன் என்றே பெருமாளுக்குப் பெயர்; கருநீல மேனியை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அழகென்று பாடி வணங்கிய மக்கள் நாம். அந்தக் கோயிலுக்கு அழைத்துப்போன குழந்தைக்கு அந்தக் கண்ணாடியை எதிர்த்துப் பேச ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும்.

மாற்றாந்தாய் விஷயமும் அத்தகையதே. தாயின் பெயரைக் காப்பாற்ற கிரிம் சகோதரர்கள் செய்த மாற்றம், அன்பே உருவான எத்தனையோ சிற்றன்னையர் மேல் பழியைச் சுமத்திவிட்டது. நம் நல்லதங்காள் கதையில் அந்தப் பழியை அண்ணி சுமந்தாள். தாயை இழந்து, தகப்பனின் இரண்டாம் மனைவியைச் சித்தி என்று அழைத்துப் பழகிக்கொண்டிருக்கும் குழந்தை உள்ள வீட்டில், எந்த வயதானாலும், இந்தப் படத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதே முறை.

மற்ற வீடுகளுக்கு என் தீர்ப்பு இது: நாலு வயதுக்கு வேண்டாம், ஆறு நிரம்பி ஏழு நடக்கும்போது காட்டலாம். பகலில், கூடத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து, கைப்பேசியில் அன்றிப் பெரிய திரையில், பெரியவர் ஒருவர் உடன் உட்கார்ந்து காட்ட வேண்டும். காட்டுக் காட்சியில் குழந்தை கையைப் பற்றினால் சற்று நிறுத்தலாம்; இக்காலக் கருவிகள் பாட்டிக்கிருந்த அந்தச் சக்தியை நமக்குத் திருப்பித் தந்திருக்கின்றன, அதைப் பயன்படுத்தத்தான் நாம் மறந்திருக்கிறோம். படம் முடிந்ததும், வேதாளம் கேட்பதைப் போல, கண்ணாடி சொன்னது சரியா என்று கேட்க வேண்டும். குழந்தை தன் காரணத்தைத் தானே சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். அது நடந்தேறினால் டிஸ்னியின் அடுத்த படமான 'பினாக்கியோ'வுக்குப் போகலாம். ஆனால் அதில் பொல்லாத சிறுவர்கள் கழுதைகளாக மாறி அம்மாவை அழைத்துக் கதறும் காட்சி இருக்கிறது. கதறியவர்கள் வீடு திரும்புவதாகவும் படம் காட்டுவதில்லை. அதற்கு எட்டு வயதாவது ஆகட்டும் என்பேன்.